வலி என்று எழுதாதே

போன வாரம் சின்னவளை நாம் ஒரு மோசமான இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். கையில் கைபேசி, திரையில் 'நீங்கள் தேடிய பக்கம் இல்லை' என்ற ஒற்றை வரி. கடையின் வெப்சைட்டில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிய பக்கங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நமக்குத்தான் இடையில் ஒரு வாரம்; அவளுக்கு ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரி அவள் கண்ணை மூடவே இல்லை. மெத்தைக் கடை வீட்டு மருமகள் தூங்காமல் கிடந்தாள் என்று வெளியே சொன்னால் வியாபாரம் கெடும். ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு வீட்டைக் காட்டிவிடுகிறேன். முன்பக்கம் கடை. பின்பக்கம் பட்டறை. மேலே குடித்தனம். மாமனாரை ஊர் 'முதலாளி' என்று கூப்பிடும். பெற்ற பிள்ளைகளும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான். மூத்த மகன், சின்னவளுக்கு மூத்தார், கடையில் நின்று விற்பவர். அவர் மனைவி, அதாவது சின்னவளின் ஓரகத்தி, பில் போடுகிறவள். இளைய மகன் பட்டறையில் மெத்தை தைப்பவன். அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் நம் சின்னவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் இருந்தவள். உடம்புக்கு என்ன என்று கேட்டால் ஜனங்கள் எப்படிச் சொல்வார்கள், எதைச் சொல்லாமல் விழுங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. வலி, குழி, நாற்றம், ஈரம், பழசு என்ற சொற்களைக் கடைக்குள் யாரும் சொல்லக்கூடாது. முதலாளி சின்ன வயதில் கடை போட்ட புதிதில், பேரம் படிந்து கையை நீட்டிய ஒரு வாடிக்கைக்காரரிடம் வேலையாள் ஒருவன் "முதுகு வலியாங்க?" என்று பரிவாகக் கேட்டுத் தொலைத்தானாம். அந்த மனிதருக்கு ஏதோ ஞாபகம் வந்து, "யோசிச்சுட்டு வரேன்" என்று படியிறங்கினாராம். யோசிக்கப் போனவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து வாடிக்கைக்காரரே வாய்விட்டு வலிக்கிறது என்றாலும், கடைக்காரர்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: "சுகமா படுத்துப் பாருங்க."

இப்போது காலைச் சாப்பாட்டு மேஜைக்குப் போவோம்.

"நான்தான் அழிச்சேன்," என்றார் மூத்தார். ஒளிவு மறைவே இல்லை. "அஞ்சாறு நாளைக்கு முன்னாடியே அழிச்சாச்சு. உனக்கு நேத்துதான் கண்ணு தெரிஞ்சிருக்கு."

"எதுக்கு அத்தான்?"

"எதுக்கா?" மூத்தார் முதலாளியின் பக்கம் திரும்பினார். "அப்பா, நம்ம கடைப் பேருக்குக் கீழ என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'குழந்தை படுக்கையை நனைக்கிறதா?' படிக்கவே கூசுது. இன்னொரு பக்கம், 'நடுவில் குழி விழுந்த மெத்தை'. இன்னொண்ணு, 'முதுகு வலி'. ஊருல நாலு பேர் நம்ம கடையைத் தேடினா என்ன நினைப்பாங்க? இது மெத்தைக் கடையா, நோயாளி வார்டா?"

"நம்ம கடைப் பேரைப் போட்டுத் தேடறவருக்கு நம்ம கடை முன்னாடியே தெரியும் அத்தான். அவர் எப்படியும் வருவார். தெரியாதவங்கதானே வரணும்? ரெண்டாந்தடவை விரிப்பு மாத்தின அம்மா, தூக்கக் கலக்கத்துல போனை எடுத்து நம்ம மெத்தைப் பேரை 'ராஜ உறக்கம்'னா அடிப்பா? 'குழந்தை நனைக்குது, என்ன மெத்தை'ன்னுதான் அடிப்பா."

"நான் எழுதிவச்சிருந்தேனே, 'சொர்க்க சுகம்'னு. அதுக்கு என்ன குறைச்சல்?"

"சொர்க்கத்துக்கு யாரு அத்தான் அவசரப்பட்டு வழி தேடறா?"

ஓரகத்தி டம்ளருக்குள் சிரித்தாள். தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. மூத்தார் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் இருமுவதாகக் காட்டிக்கொண்டாள்.

மூத்தார் எழுதிய பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரே ஒரு பக்கம். தலைப்பு: 'மெத்தை'. உள்ளே: மெத்தை, நல்ல மெத்தை, சிறந்த மெத்தை, மெத்தை வாங்க மெத்தை, மெத்தைக்கெல்லாம் மெத்தை, சொர்க்க சுகம். அதற்குக் கீழே தலையணை, திரைச்சீலை, மிதியடி, கொசுவலை என்று கையில் அகப்பட்டதெல்லாம். தெருவில் கூவி விற்கிறவர்கூட நடுவில் மூச்சு விடுவார். அந்தப் பக்கத்தில் அதற்கும் இடமில்லை.

"அத்தான், ஒரே சொல்லை ஓயாம சொன்னா ஏமாந்துபோற காலமெல்லாம் மலையேறிப் போச்சு," என்றாள் சின்னவள். குரல் ஏறியது, இறக்க அவளுக்கு மனமில்லை. "அந்தச் சொல்லோட யார் யார் துணைக்கு வந்திருக்காங்கன்னு தேடற இயந்திரம் பாக்குது. முதுகுன்னா கூடவே இடுப்பு வரணும். இடுப்புன்னா புரண்டு படுக்கறது, காலையில எழுந்திருக்கறது, மெத்தை எவ்வளவு கெட்டி, எவ்வளவு அமுங்கும், எல்லாம் வரணும். சித்தப்பா பெரியப்பா மாதிரி, ஒரு சொல்லுக்குச் சொந்தக்காரச் சொல்லுங்க இருக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். முதுகு வலிக்கு ஒரு பக்கம், குழந்தைக்கு ஒரு பக்கம், சின்ன ரூமுக்கு ஒரு பக்கம். நீங்க எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டியிருக்கீங்க. அது பக்கம் இல்லே அத்தான், வீடு காலி பண்ற லாரி."

"கேட்டீங்களாப்பா? லாரியாம்!"

முதலாளி அதுவரை வாயைத் திறக்கவில்லை. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்வார், சாய மாட்டார். சாய்வது சோம்பேறிகள் வேலை என்பார்.

"குடும்பம்னா என்னன்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "குடும்பம்னா வெளியே சொல்லாம இருக்கறது. கடையும் அப்படித்தான். இந்தக் கடையில அந்த வார்த்தை இத்தனை வருஷமா யார் வாயிலயும் வரலே. கடைப் பேருக்குக் கீழ எழுத்துல வரலாமா? அழிச்சது சரிதான்."

"மாமா, அந்தப் பக்கங்களைப் பாத்துத்தானே..."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

அவள் யாரையும் கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்பதால் கேட்கவில்லை. இந்த ஒரு இடத்தில்தான் அவளுடைய நியாயத்துக்கு ஒரு கால் குட்டை.

"சாயங்காலம் கடை சாத்தறதுக்குள்ள அந்த வெப்சைட்டோட பாஸ்வேர்டு, மத்தது எல்லாத்தையும் பெரியவன்கிட்ட ஒப்படைச்சுடு. அழிக்கற பாஸ்வேர்டு மட்டும்தான் அவன்கிட்ட இருக்கு; அவன் எழுதினதைக்கூட நீதானே ஏத்தினே. எழுதறதும் இனிமே அவனே எழுதட்டும். நீ தலையணை உறை செக்ஷனைப் பாத்துக்கோ."

சொல்லிவிட்டு முதலாளி எழுந்தார். இரண்டு கைகளாலும் மேஜையைப் பிடித்து, அதற்கு ஏதோ கட்டளை போடுகிறவர் மாதிரி அழுத்தி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு நிமிர்ந்தார். சின்னவள் அதைப் பார்த்தாள். ஆனால் கோபத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பதெல்லாம் மனதில் பதிவதில்லை.

தலையணை உறை! ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாளைக்கு எத்தனை பேரின் அவஸ்தையைக் காதால் வாங்கியவள் அவள். இந்தக் கடையிலும் சோதனைக் கட்டிலின் பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்து, படுத்துப் பார்க்கிறவர்கள் முனகுவதையெல்லாம் கைபேசியில் குறித்து வைத்தவள். 'அவர் புரண்டா நான் உருள்றேன்.' 'தோள்பட்டை மரத்துப்போகுது.' 'காலை ஊன்றவே பயமா இருக்கு.' அந்த முனகல்களைத் தரம் பிரித்து, உறவுக்கு உறவு சேர்த்து, பக்கம் பக்கமாகக் கட்டியவள். அதற்கப்புறம்தான் கடைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அடித்தபோது மூத்தார் என்ன சொன்னார்? "என் சிரிப்புக்குத்தான் ஜனம் வருது" என்றார். சிரிப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தொலைபேசிதான் ஐந்தாறு நாளாக வாயைத் திறக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லையே!

அவள் நேரே பட்டறைக்கு இறங்கினாள்.

கணவன் ஒரு பெரிய மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். கையில் நீள ஊசி, பற்களுக்கு நடுவே நீல நூல். கல்யாணமான நாளிலிருந்து முக்கியமான பேச்சு வரும்போதெல்லாம் இந்த மனிதன் வாயில் நூல் இருக்கும். முதலில் தற்செயல் என்று நினைத்தாள். இப்போது அப்படி நினைப்பதில்லை.

"என்னங்க, மேலே நடந்தது கேட்டுதா?"

"ம்."

"ம்முன்னா? உங்க அண்ணன் என் வேலையைத் துடைச்சுப் போட்டிருக்கார். உங்கப்பா அது சரிங்கறார். நீங்க ம்முங்கறீங்க."

அவன் மெத்தையைப் புரட்டினான். அடித்துணியில் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்த மெத்தையில் ஒரு வட்டம். மூலையில் கிடந்த சின்ன மெத்தையில் அலை மாதிரி ஒரு கோடு. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த எழுத்து அது. பெருக்கல் என்றால் வாடிக்கைக்காரருக்கு அந்த இடத்தில் வலி. வட்டம் என்றால் குழி. அலை என்றால் ஈரம். கடையில் வாயால் சொல்லக் கூடாதில்லையா, அதனால் மூத்தாரே வாடிக்கைக்காரர் போனதும் பின்பக்கம் வந்து, ஒன்றும் பேசாமல் துணியில் கோடு போட்டுவிட்டுப் போவார். முதலாளி காலத்திலிருந்து அப்படித்தான்.

அவள் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தாள். உடம்பெல்லாம் எரிந்தது.

"இது என்ன?"

அவன் ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினான்.

"சொல்லுங்க. இது என்ன?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். உங்க அண்ணனுக்குத் தெரியும். சாக்பீஸுக்குக்கூடத் தெரியும்! வலியில தவிச்சுக்கிட்டு எந்தக் கடைக்குப் போறதுன்னு தேடறாங்களே, அவங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதா? இங்க வலிக்கு மெத்தை தைக்கறாங்கங்கறதை உலகத்துகிட்ட மறைச்சு வச்சுட்டு, அப்புறம் வியாபாரம் டல்லா இருக்குன்னு உக்காந்து பேசறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?"

அவன் மெதுவாக வாயிலிருந்த நூலை எடுத்தான். அதுவே அந்தப் பட்டறையில் ஒரு சம்பவம்.

"நீ எழுதினதெல்லாம் படிச்சேன்," என்றான்.

"எப்போ?"

"நீ போட்டப்பவே. அதைப் படிச்சதுக்கப்புறம்தான் நடுவுல கெட்டிப் பஞ்சு வச்சு, தோள் பக்கம் கொஞ்சம் இளக்க ஆரம்பிச்சேன். நல்லா எழுதியிருந்தே."

அவள் அந்த மெத்தையின் தோள் பக்கத்தை அழுத்திப் பார்த்தாள்; இளகியிருந்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

"இதை என்கிட்ட இப்ப சொல்றீங்க. மேலே வந்து உங்கப்பாகிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சண்டை வரும்."

"வரட்டுமே! இந்த வீட்ல வலி வரலாம், சண்டை வரக்கூடாதா?"

அவன் நூலைப் பார்த்தான். மறுபடி வாயில் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவன் கை தயங்கியது. கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "எழுதினதை வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

"எல்லாம் என் போன்ல இருக்கு. திருப்பிப் போட ஒரு நொடி போதும். ஆனா இந்தத் தடவை திருட்டுத்தனமா போட மாட்டேன். உங்கப்பா வாயால போடுன்னு சொல்லணும்."

"அவர் சொல்வாருன்னு நினைக்கறியா?"

"இல்லே," என்றாள் சின்னவள்.

மதியம் வரை தலையணை உறைகளை அளவு வாரியாகப் பிரித்தாள். எல்லாம் ஒரே அளவு. பிரிக்க ஒன்றுமில்லை. மூத்தார் கடைவாசலில் நின்று தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தெரு திரும்பிச் சிரிக்கவில்லை. முதலாளி சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கிளம்பியிருந்தார். வெயிலில் என்ன நடை என்று யாரும் கேட்கவில்லை. முதலாளியை யார் கேட்பார்கள்?

அப்போதுதான் அவள் கைபேசி அடித்தது.

"நான்தாம்மா, டீச்சர் பேசறேன். நேத்து மத்தியானம் பேசினேனே. நின்னு நின்னு பாடம் நடத்தி முதுகு போச்சுன்னு."

"சொல்லுங்க டீச்சர், இன்னைக்கு வரேன்னீங்களே?"

"வரத்தான் கிளம்பினேன். வழி பார்க்கலாம்னு உங்க பக்கத்தைத் தொட்டா, பக்கமே இல்லேன்னு வருது. முன்னாடி நல்லா வந்துதே, அதைப் படிச்சுத்தானே உங்க நம்பரையே குறிச்சேன். சரி, இன்னைக்குக் கடை லீவு போலிருக்குன்னு அடுத்தாப்புல இருந்த பேரைத் தொட்டேன். இங்க வந்துட்டேன். கண்ணாடிக் கதவு போட்ட கடை."

சின்னவள் கையிலிருந்த உறை கீழே விழுந்தது. கண்ணாடிக் கடை! அடுத்த தெருவில் இருக்கும் எதிராளிக் கடை. முதலாளி அந்தக் கடை இருக்கும் பக்கத்து நடைபாதையில்கூடக் கால் வைக்க மாட்டார். வீட்டில் வேறு யாரும் வைக்கவும் கூடாது.

"டீச்சர், கடை மூடலே. திறந்துதான்..."

"அப்படியா? ஐயோ. சரி, வந்தது வந்துட்டேன். இவங்க ஒரு மெத்தை காட்டறாங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒருக்களிச்சுப் படுத்தா தோள் எவ்வளவு அமுங்கணும், இடுப்பு எங்க நிக்கணும்னு நீங்க அழகா எழுதியிருந்தீங்களே, அது மறந்துபோச்சு. கொஞ்சம் சொல்றீங்களா? அதை வச்சு இங்கேயே பாத்து எடுத்துடறேன்."

வாசகர்களே, வியாபாரத்தில் பலவிதமான அவமானங்கள் உண்டு. எதிராளி கடையில் சரக்கு வாங்குவதற்கு உங்களிடமே யோசனை கேட்பது அவற்றில் எந்த ரகம் என்று எனக்கே தெரியவில்லை. கேட்கிறவர் கெட்ட மனிதராக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம். டீச்சரோ அத்தனை நல்ல மனுஷி.

"டீச்சர், எதுக்கும் கை வச்சுடாதீங்க. அஞ்சு நிமிஷம். நானே வந்து சொல்றேன்."

ஓரகத்தி பில் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "போய் அந்தம்மாவைக் கையோட கூட்டிட்டு வா," என்றாள் கிசுகிசுப்பாக.

"அத்தான் கேட்டா?"

"புடவைக் கடைக்குப் போயிருக்கான்னு சொல்லிடறேன். அதுல மட்டும் அவருக்குச் சந்தேகமே வராது." பிறகு வாசலைப் பார்த்தபடி, "அஞ்சாறு நாளா அந்த மனுஷன் சிரிக்கறதை நான் ஒருத்திதான் பாத்துக்கிட்டிருக்கேன். என்னால முடியலே, போ," என்றாள்.

சின்னவள் பின்வாசல் வழியாக ஓடினாள். ஓடும்போதே மனதுக்குள் வசனம் தயாராகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரட்டும். பாஸ்வேர்டைக் கொடுக்கும்போது, "வர்ற வாடிக்கையை அடுத்த தெருவுக்கு அனுப்பி வச்ச புண்ணியவான்கள் நீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் யாரும் இதுவரை யார் முகத்துக்கு நேரேயும் எதையும் சொன்னதில்லை. இன்று ஆரம்பித்து வைப்போம்.

கண்ணாடிக் கடைக்குள் குளுகுளுவென்று இருந்தது. வரிசை வரிசையாகக் கட்டில்கள், இடையிடையே திரைகள். நுழைந்ததும் பெரிய பலகை: 'எங்கே வலிக்கிறது? சொல்லுங்கள்.' சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆட்களுக்கு மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது; எங்கிருந்தோ வண்டியில் வந்து இறங்குவதை விற்கிறவர்கள். ஆனால் கேட்கத் தெரிந்திருக்கிறதே!

டீச்சர் ஒரு கட்டில் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சின்னவள் கையை உயர்த்திக் கிட்டே போகும் வழியில், கடைசிக் கட்டிலின் கீழே ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில்.

இடது செருப்பின் வார் அறுந்து தைக்கப்பட்டிருந்தது. நீல நூல். மெத்தை ஓரத்துக்குப் போடும் அதே இரட்டைத் தையல்.

அந்தத் தையல் போடும் கையோடுதான் அவள் குடித்தனம் நடத்துகிறாள்.

திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"எங்கேங்க ஐயா?" என்று ஒரு விற்பனைக்காரன் மென்மையாகக் கேட்பது காதில் விழுந்தது.

படுத்திருந்தவர் கையால் எங்கோ தொட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

"வாய்விட்டுச் சொன்னாத்தான் ஐயா சரியான மெத்தையைக் காட்ட முடியும்."

படுக்கை விரிப்பு சரசரத்தது. பிறகு, அவளுக்கு நன்றாகத் தெரிந்த, ஆனால் அத்தனை தாழ்ந்து அவள் கேட்டே இராத ஒரு குரல்:

"இடுப்புல. இடது பக்கம். காலையில எழுந்திருக்கறப்போ." ஒரு மூச்சு. "வலி."

"ரொம்ப நாளாவாங்க?"

"ரொம்ப நாளா."

சின்னவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான், ஆனால் அதற்கு முன்னால் அவளுடைய காலை நேரக் கோபம் முழுவதும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தன் கடையில், தன் பிள்ளைகளிடம், தன் மேஜையில் சொல்லக் கூடாத வார்த்தை. முன்பின் தெரியாத எவனோ கேட்டால் சொல்லலாமா? அதுவும் இங்கே வந்து படுத்துக்கொண்டு!

திரையை விலக்கினாள்.

முதலாளி மல்லாந்து கிடந்தார், கண்களை மூடிக்கொண்டு. விற்பனைக்காரன் பக்கத்தில் நின்றபடி கைபேசியைச் சற்றே உயர்த்தி, மணி பார்க்கிறவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க பாருங்கம்மா" என்று நகர்ந்தான்.

முதலாளி கண்ணைத் திறந்தார். மருமகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி மருமகளைப் பார்த்தார். அவள் அங்கேயேதான் இருந்தாள்.

"நீ இங்க என்ன பண்றே?"

"நம்ம வாடிக்கைக்காரரைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக வந்தேன் மாமா. ஒருத்தர்னுதான் நினைச்சேன். வந்து பாத்தா ரெண்டு பேரா இருக்கு."

அவர் முகத்தில் கோபம் எழ முயன்றது. படுத்துக்கொண்டு கோபப்படுவது சுலபமில்லை.

"எப்படி மாமா இந்தக் கடைக்கு வந்தீங்க?"

"போன்கிட்ட வாயால சொன்னா தேடிக் கொடுக்குமாமே. சொன்னேன்."

"என்னன்னு?"

அவர் விரிப்பின் ஓரத்தை நீவினார்.

"சொல்லுங்க மாமா. இவ்வளவு நேரம் அந்தப் பையன்கிட்ட சொன்னீங்களே."

"இடுப்பு வலிக்கு எந்த மெத்தைன்னு கேட்டேன்," என்றார் கூரையிடம். "முதல்ல நம்ம கடைப் பேருதான் வந்தது. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. தொட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க தேடின பக்கம் இல்லேன்னு சொல்லிடுச்சு. என் கடை, என்கிட்டயே."

"அழிச்சது சரிதான்னு காலையில சொன்னீங்க மாமா."

அவர் எழுந்திருக்க முயன்றார். மேஜை இல்லை, பிடித்து அழுத்த. பாதி எழுந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுபோனார். காலையில் சாப்பாட்டு மேஜையில் பார்த்ததற்கு அர்த்தம் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. மேல்மாடியில் அவர் படுப்பது கடையின் பெருமையான 'ராஜ உறக்கம்'. படுத்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும் மெத்தை. அதில் எத்தனை காலையில் இப்படிப் பல்லைக் கடித்தாரோ, யார் கண்டது? பக்கத்து அறையில் இருந்த பிள்ளைகளுக்குக்கூடக் கேட்காமல்.

"நேரா எழுந்திருக்காதீங்க மாமா. முதல்ல ஒரு பக்கமாப் புரளுங்க. ம். ரெண்டு காலையும் சேர்த்துக் கீழ விடுங்க. இப்ப கையை ஊனுங்க. இடுப்பால எழுந்திருக்காதீங்க, கையால எழுந்திருங்க."

அவர் புரண்டார், காலை விட்டார், கையை ஊன்றினார். உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு வியப்பு, பேரத்தில் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை படிந்தவர் மாதிரி.

"இது யார் சொன்னது? டாக்டரா?"

"அந்தப் பக்கத்துல இருந்தது மாமா. இல்லேன்னு சொல்லிச்சே, அதுல. மூணாவது வரி."

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மெத்தையின் விலைச் சீட்டைப் பார்த்து, 'அநியாயம்' என்று முணுமுணுத்து, அந்தப் பழக்கத்தை மட்டும் விடாமல், அவள் பக்கம் திரும்பினார்.

"கடையில யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன் மாமா," என்றாள் சின்னவள். "எழுதுவேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியை அளக்கிற பார்வை. இவள் இறங்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வார்? நிபந்தனை போடுவார்.

"என் பேரைப் போடாதே," என்றார். "என் வயசையும் போடாதே."

அந்த வீட்டில் 'போடு' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். சின்னவள் கைபேசியை எடுத்தாள், ஒரு நொடி. முதுகு வலிப் பக்கம், இடுப்பு, புரள்வது, எழுவது, கெட்டிப் பஞ்சு என்று தன் சுற்றம் அத்தனையோடும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

டீச்சரையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாக வெளியே வந்தார்கள். முதலாளி முன்னால், பக்கத்தில் டீச்சர். "ஒருக்களிச்சுப் படுத்தா தோள் எவ்வளவு அமுங்கணும்னு..." என்று டீச்சர் தொடங்க, "அதெல்லாம் எங்க பட்டறையில என் சின்ன மகன் பாத்துப்பான், வலி எங்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அவர். சொன்னது தான்தான் என்று உணர்ந்து ஒரு கணம் நின்று, மறுபடி நடந்தார்.

பின்னால் வந்த சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் பக்கம் சரியாகத் திறக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். திறந்தது. மூச்சு வந்தது.

அதற்கு அடுத்த வரியில் கண்ணாடிக் கடை. புதிதாக ஒரு படம் போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பின் மேல் மல்லாந்து, கண்களை மூடி, முகத்தில் அத்தனை நிம்மதியோடு ஒரு பெரியவர். கட்டிலுக்குக் கீழே நீல நூல் செருப்பு. படத்துக்குக் கீழே: 'பக்கத்துத் தெரு மெத்தைக் கடை முதலாளியும் வலிக்கு நம்பி வருவது எங்களிடமே.'

மணி பார்த்த அந்தக் கைபேசி!

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். கையில் கைபேசி அடிக்கத் தொடங்கியது. மூத்தார். நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"யாரும்மா?" என்று திரும்பாமலே கேட்டார் முதலாளி. அவர் நடையில் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்திருந்தது.

காலையிலிருந்து யாரையும் விட்டுவைக்காமல் பேசிய சின்னவள், அந்த வீட்டு மருமகளாக வந்தபின் முதல் தடவையாக, அந்த வீட்டு வழக்கப்படி நடந்துகொண்டாள்.

ஒன்றும் சொல்லவில்லை.